இன்ஜெக்டர் அடியில் கசியும் கம்ப்ரஷன்: வாஷரை மாற்றும் முன் சீட்டைப் பாருங்கள்

டீசல் என்ஜினில் இன்ஜெக்டரை, அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் கருவியைச் சுற்றிக் கம்ப்ரஷன் கசிகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது, ஒரு புதிய செம்பு வாஷரைப் போட்டு, இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக இறுக்குவதுதான். இந்த வேலையை முதன்முதலில் கையில் எடுத்தபோது நானும் அதையே செய்தேன். இன்ஜெக்டரைக் கழற்றி, மேலே படிந்திருந்த கரியைச் சுரண்டி, வாஷரை மாற்றிப் பூட்டியதும் சத்தம் அடியோடு நின்றது. மூன்றே வாரத்தில் அதே சிலிண்டரில் அதே ‘டுஸ், டுஸ்’ மீண்டும் கேட்டது. இரண்டாம் முறை கழற்றி, குழிக்குள் டார்ச் அடித்து, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வாஷர் உட்காரும் வளையப் பரப்பான சீட்டில், தலைமுடி அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஓடியிருந்தது. புதிய வாஷர் அந்தக் கோட்டின் மேல் பாலம் போலக் கிடந்தது. வாயு அதன் அடியில் தன் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே இந்த வேலையில் வாஷர் மாற்றுவது ஐந்து நிமிடக் காரியம்; அந்த வளையத்தைச் சுத்தமாகவும் சமமாகவும் ஆக்குவதுதான் உண்மையான வேலை.

டீசல் என்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய 15-க்கு 1 முதல் 22-க்கு 1 வரை இருக்கும். ஸ்டார்ட்டரால் சுற்றும்போதே சிலிண்டருக்குள் 20 முதல் 35 பார் வரை அழுத்தம் எழும்புகிறது; எரிபொருள் பற்றிக்கொண்டபின், இன்றைய டர்போ என்ஜின்களில் அது 150 பாரையும் தாண்டிவிடும். இத்தனை அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில், இன்ஜெக்டரின் தெளிக்கும் நுனியான நாசிலின் தோள்பட்டைக்கும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள சீட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புதான் தடுப்பு. செம்பு மெத்தென்று இருப்பதால் இரு பக்கத்துப் பரப்பிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் நுழைந்து அமர்ந்துகொள்கிறது. நாசிலின் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தி விடுவதும் அதே வாஷர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; வாஷர் சரியாக உட்காராத நாசில் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு துணுக்குக் கரி இடையில் மாட்டிக்கொண்டாலோ, கிளாம்ப் போல்ட் நாளடைவில் தளர்ந்தாலோ, ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிறிது வாயு வெளியே பீறிடும். அதில் உள்ள புகைக்கரியும் அரைகுறையாக எரிந்த எரிபொருளும் இன்ஜெக்டரைச் சுற்றிய குழியில் வெந்து, தார் போல இறுகி, பின்னர் கல்லாகிவிடும். ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் இந்தக் கருப்புப் படிவத்துக்கு ‘பிளாக் டெத்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பீறிடும் சூடான வாயு ஒரு வெட்டுக்கருவி போல சீட்டை அரித்துக்கொண்டே போகும். இந்த மாதம் ஒரு வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, அடுத்த ஆண்டு ஹெட்டைக் கழற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான்.

கசிவு இன்ஜெக்டரில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போனாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓடவிட்டு, மேல்மூடியை எடுத்துவிட்டுக் கேளுங்கள். என்ஜினின் வேகத்தோடு கூடிக் குறையும் ‘சஃப், சஃப்’ சத்தம், வண்டிக்குள் ஏசி காற்றோடு சேர்ந்து வரும் எரிந்த புகை நாற்றம், இன்ஜெக்டரைச் சுற்றிக் கருந்தார் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அப்படியில்லாவிட்டால், சோப்பு கலந்த தண்ணீரை ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழியிலும் சிறிது தெளித்துப் பாருங்கள். கசிகிற குழி மட்டும் நுரைத்துக் கொப்பளிக்கும். குழியில் கருப்பாக இல்லாமல் வெறும் டீசல் ஈரமாக நின்றால், அது ரிட்டர்ன் லைனின் ஓ-ரிங்கிலோ ஹை-பிரஷர் பைப்பின் நட்டிலோ உள்ள கசிவு. அதற்காக இன்ஜெக்டரைப் பிடுங்க வேண்டியதில்லை.

சில என்ஜின்களில் இன்ஜெக்டரின் கீழ்ப்பகுதி வால்வு கவருக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அங்கே கசிந்தால் வெளியே தாரும் தெரியாது, சத்தமும் மங்கலாகத்தான் கேட்கும்; வாயுவும் கரியும் நேராக என்ஜின் ஆயிலுக்குள் போய்ச்சேரும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுவது, ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே அது குழம்பாகக் கெட்டிப்படுவது, பிரீதர் குழாயில் வழக்கத்துக்கு மீறிய காற்று வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இதே அடையாளங்கள் வரும் என்பதால், இங்கே லீக்-டவுன் சோதனைதான் தீர்ப்பு சொல்லும்: பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில், மேல் எல்லையில் நிறுத்தி, குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி) துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, காற்று எங்கே சீறுகிறது என்று காதால் தேடுவதுதான் அந்தச் சோதனை. காற்று கொடுத்தவுடன் பிஸ்டன் கீழே தள்ளப்பட்டு என்ஜின் சுழலக்கூடும் என்பதால், ஃபேன், பெல்ட் பக்கம் கை வைக்கக் கூடாது.

கழற்றத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் அமைப்பில், அந்தக் குழாயான ரெயிலின் அழுத்தம் 1600 முதல் 2000 பார் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். என்ஜின் ஓடும்போது எந்த ஹை-பிரஷர் நட்டையும் தளர்த்தக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு டீசல் பாய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் அது உடனடியாக அறுவை சிகிச்சை வேண்டும் அளவுக்கான காயம். என்ஜினை நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியபின் கருவியைத் தொடுங்கள். பீசோ வகை (மின்னழுத்தத்தால் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டர்களின் கனெக்டரை என்ஜின் ஓடும்போது பிடுங்குவது, உங்களுக்கும் ஆபத்து, இன்ஜெக்டருக்கும் ஆபத்து.

இனிக் கழற்றுவோம். குழிகளைச் சுற்றியுள்ள மண்ணையும் உதிரிக் கரியையும் காற்றடித்தோ வாக்குவம் வைத்து உறிஞ்சியோ எடுத்துவிட வேண்டும். தார் இறுகியிருந்தால் கார்பன் கரைப்பானையோ துரு நீக்கும் எண்ணெயையோ குழியில் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் மரக்குச்சியாலோ பித்தளைச் சுரண்டியாலோ அடுக்கடுக்காகப் பெயர்க்கலாம். இரும்புத் திருப்புளியால் குத்தினால் வேகமாகத்தான் போகும், அலுமினிய ஹெட்டில் வடுவும் வேகமாகத்தான் விழும். கனெக்டர்களின் பிளாஸ்டிக் கிளிப் பல வருடச் சூட்டில் அப்பளம் போல நொறுங்கும் நிலையில் இருக்கும். பொறுமையாக அழுத்தி விடுவியுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதன் சிலிண்டர் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். காமன் ரெயில் இன்ஜெக்டர் பலவற்றுக்கு அதனதன் அளவுத் திருத்தக் குறியீடு என்ஜினின் கணினியான ஈசியூவில் சிலிண்டர் வாரியாகப் பதிந்திருக்கும். இடம் மாறிப் போட்டால் என்ஜின் கரடுமுரடாக ஓடும்.

ஹை-பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்தும்போது, இன்ஜெக்டரின் இணைப்பு முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து முனையும் சுழன்று உள்ளே சீல் உடையும். பைப்பைக் கழற்றிய அடுத்த நொடியே திறந்த முனைகள் எல்லாவற்றையும் சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள். நாசில் துளைகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான்; கைக்குட்டையிலிருந்து உதிரும் பஞ்சுகூட அதற்கு ஒரு உத்தரம். பல தயாரிப்பாளர்கள் இந்தப் பைப்புகளை ஒருமுறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் என்ஜினுக்கு அப்படிச் சொல்லப்பட்டிருந்தால் மீற வேண்டாம்.

கிளாம்ப் போல்ட்தான் பலரையும் அழவைக்கும் இடம். மெல்லிய, நீளமான போல்ட்; சில என்ஜின்களில் வெறும் எம்6. அதைச் சுற்றித் தார் இறுகியிருக்கும்போது ஒரே மூச்சில் திருப்பினால் தலை கையோடு வந்துவிடும். மிச்சம் ஹெட்டுக்குள் நின்றுவிடும். முதலில் ஒரு இம்மி அளவு இறுக்குங்கள், பிறகு கால் சுற்று தளர்த்துங்கள், எண்ணெய் விடுங்கள், மீண்டும் இறுக்கித் தளர்த்துங்கள். மரையில் சிக்கிய கரி பொடியாகி வெளியே வரும். என்ஜின் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பாக இருக்கும்போது இந்த வேலை சற்று எளிதாக நடக்கும்.

போல்ட் வந்தபின் இன்ஜெக்டர் சுலபமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடம்பில் தட்டையான பக்கங்கள் இருந்தால் ஸ்பேனர் போட்டு வலமும் இடமுமாகச் சில பாகை அசைத்துக்கொடுங்கள். அசைவு கிடைத்துவிட்டால் பாதி வெற்றி. அசையாதபோது, இணைப்பு முனையின் மரையில் அடாப்டர் மாட்டி ஸ்லைடு ஹேமரால் நேர்மேலாக இழுக்க வேண்டும். மேலே உள்ள காயில் பகுதியை நெம்புகோலால் நெம்பினால் இன்ஜெக்டர் அத்தோடு பாழ். கிளாம்ப் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு என்ஜினை ஓட்டினால் கம்ப்ரஷனே இன்ஜெக்டரை வெளியே தள்ளிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதனோடு இணைந்திருக்கும் பைப்பில் ஆயிரம் பாருக்கும் மேலான டீசல் நிற்கிறது. நான் அந்த வழிக்குப் போவதில்லை. எதற்கும் மசியாத இன்ஜெக்டருக்கு ஹைட்ராலிக் புல்லர் வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுப்பதுதான் மிச்சம்.

இன்ஜெக்டர் கைக்கு வந்ததும் அதன் நுனியில் பழைய வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கவனிக்காமல் அதன் மேல் புதியதைப் போட்டுப் பூட்டியவர்கள் நிறையப் பேர்; அப்போது இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும், எரிபொருள் தெளிப்பு பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது, கசிவும் நிற்காது. முனை வளைத்த கம்பியாலோ, கூம்பு வடிவத் திருகு ஒன்றை மெதுவாக உள்ளே கடிக்க வைத்தோ அதை இழுத்தெடுக்கலாம். எடுத்த வாஷரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நடந்த கதையை அதுதான் சொல்லும். நன்றாக அமர்ந்திருந்த வாஷரின் இரு முகங்களிலும் ஒரே அகலத்தில், முறியாத, பளிச்சென்ற வளையம் தெரியும். கசிந்த வாஷரில் அந்த வளையத்தை அறுத்துக்கொண்டு ஒரு கருங்கோடு போகும். கோடு மேல் முகத்தில் இருந்தால் குற்றம் இன்ஜெக்டர் பக்கம். கீழ் முகத்தில் இருந்தால் சீட் பக்கம். வாஷரைத் திருப்பிவிடுமுன் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு பேனாக் குறி போட்டுக்கொண்டால் போதும்.

அடுத்தது சீட். கரியும் உலோகத் தூளும் சிலிண்டருக்குள் விழாமலிருக்க, நாசில் நுழையும் சிறு துளையைக் கிரீஸ் தடவிய துணித் துண்டால் அடைத்துவிட வேண்டும். துணியில் ஒரு நூலைக் கட்டி வெளியே விட்டுவைத்தால், எடுக்க மறப்பதும் இல்லை, உள்ளே விழுந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. முதலில் குழியின் சுவரில் உள்ள கரியை உருளைப் பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்து எடுங்கள். சுவரில் கரி மிஞ்சியிருந்தால் இன்ஜெக்டரை இறக்கும்போது அது உதிர்ந்து, நீங்கள் சுத்தம் செய்த சீட்டின் மேலேயே விழும். அதன்பின் உங்கள் இன்ஜெக்டரின் அளவுக்கு ஏற்ற சீட் கட்டர் வேண்டும்; 17 மில்லிமீட்டர் முகம் கொண்டவை பரவலாகப் புழங்குகின்றன. கட்டரின் பற்களுக்கு இடையே கிரீஸ் நிரப்பினால் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். கையாலேயே, கட்டரின் எடைக்குச் சற்றே கூடுதலான அழுத்தத்தில், வலப்புறமாக மட்டும் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் பல் மழுங்கும். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுவது கூடவே கூடாது. மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் பிறை நிலா போல ஒரு பக்கம் மட்டும் மின்னும். மினுமினுப்பு முழு வட்டமானதும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் இரண்டு சுற்று’ என்ற ஆசைதான் இங்கே எதிரி, ஏனென்றால் சீட்டில் சீவிய ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் நாசில் பிஸ்டனை நோக்கி அவ்வளவு இறங்குகிறது. அதிகம் சீவ நேர்ந்தால், கையேடு அனுமதிக்கும் தடிமனான வாஷரைப் போட்டு உயரத்தை ஈடுகட்ட வேண்டும்; இரண்டு வாஷர்களை அடுக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: சீட்டில் மார்க்கர் பேனாவால் லேசாக வண்ணம் பூசி, கட்டரை ஒரே ஒரு சுற்று விடுங்கள். வண்ணம் வட்டம் முழுவதும் ஒரே சீராக அழிந்தால் பரப்பு சமம். ஓரிடத்தில் வண்ணம் மிஞ்சினால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது. வேலை முடிந்ததும் வாக்குவத்தால் உறிஞ்சி, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, நூலைப் பிடித்து அடைப்பை எடுங்கள். எல்லா இன்ஜெக்டர்களும் வெளியே இருந்தால், எரிபொருள் வரத்தைத் துண்டித்துவிட்டு, துளைகளின் மேல் துணி போட்டு, விலகி நின்று, ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றலாம். தப்பி விழுந்த துகள்கள் காற்றோடு வெளியேறிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம்.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும்போது, வாஷர் தொடும் தோள்பட்டையை மெல்லிய தேய்ப்புப் பஞ்சால் பளபளப்பாக்குங்கள். நாசில் நுனியைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் அந்த நுனிக்குப் பகை. பழைய வாஷரைச் செந்நிறமாகச் சுட்டு ஆறவிட்டால் செம்பு மீண்டும் மிருதுவாகும் என்பது சரிதான். ஆனால் அதில் ஏற்கெனவே விழுந்த பள்ளம் சுட்டதால் மறையாது. முழு என்ஜினிலும் மலிவான உதிரிகளில் ஒன்றை மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பூட்டும்போது, வாஷர் குழிக்குள் சாய்ந்து விழாமலிருக்க அதை நாசிலில் மாட்டி, ஒரு பொட்டுக் கிரீஸால் ஒட்டிவைத்து இறக்குங்கள். டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றிக்கொள்ளும் பழைய முன்னறை வகை என்ஜின்களில் கிண்ணம் போல் குழிந்த வெப்பத் தடுப்பு வாஷர்கள் வரும். அவற்றுக்கு மேல் கீழ் உண்டு, படத்தைப் பார்த்துப் போடுங்கள். இன்ஜெக்டரின் உடம்பில் பீங்கான் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவினால் அடுத்த முறை கழற்றுவது சுலபம். அந்தப் பேஸ்ட் வாஷரின் முகத்தில் படக் கூடாது. சிலிகான், கேஸ்கட் கம் எதற்கும் இங்கே இடமில்லை. போல்ட்டின் குழி அடி மூடிய குழி என்பதால், அதில் எண்ணெயோ கரியோ தேங்கியிருந்தால் போல்ட் இறுகிவிட்டதாக டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். காற்றடித்து உலர்த்தியபின் புதிய போல்ட்டைப் போடுங்கள். இந்தப் போல்ட்டுகள் பலவும் இறுக்கும்போது நீளும் வகை, மறுமுறை பயன்படாது.

வரிசை முக்கியம். முதலில் ஹை-பிரஷர் பைப்பின் நட்டை விரலால் மட்டும் ஏற்றுங்கள். அப்போதுதான் இன்ஜெக்டர் பைப்புக்கு நேராகத் திரும்பி நிற்கும். பிறகு கிளாம்ப் போல்ட்டை இறுக்கி, கடைசியில் பைப் நட்டை இறுக்குங்கள். கிளாம்ப் போல்ட்டுக்குச் சொல்லப்படும் அளவு பார்ப்பதற்குச் சிறியதாக இருக்கும். சில எம்6 போல்ட்டுகளுக்கு வெறும் 7 நியூட்டன் மீட்டரும், அதன்மேல் கோண அளவில் 90 பாகைத் திருப்பமும் என்று வரும். ‘இது போதுமா’ என்று கை துடிக்கும். கையேட்டின் எண்ணை நம்புங்கள், கையை நம்பாதீர்கள். கோண அளவில் இறுக்கிய போல்ட்டைப் பின்னர் மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் தவறு.

எரிபொருள் பாதையிலுள்ள காற்றை ஹேண்ட் பிரைமராலோ மின் பம்ப்பை இயக்கியோ வெளியேற்றுங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய என்ஜின்களில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, டீசல் வரும்வரை சுற்றுவது வழக்கம். காமன் ரெயிலில் அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல் இடைவெளி விடுங்கள். என்ஜின் பிடித்ததும் ஐடிலில் ஓடவிட்டு, மீண்டும் சோப்புத் தண்ணீர் சோதனை. வால்வு கவருக்குள் கசிந்த என்ஜினாக இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுவதோடு, ஆயில் சம்ப்பை இறக்கி, பம்ப்பின் உறிஞ்சு சல்லடையில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது அடைத்தால் முதலில் போவது டர்போவின் பேரிங்தான்.

கடைசியாக, குழிகளை ஈரம் போகத் துடைத்து, உலோகம் தெரியும் அளவுக்குச் சுத்தமாக விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மேல்மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், துடைத்து வைத்தபடியே உலர்ந்து கிடக்க வேண்டும். ஏதாவது ஒரு இன்ஜெக்டரின் கழுத்தைச் சுற்றி இளம்பழுப்பில் மெல்லிய வளையம் தெரிந்தால், தார் பிடிக்கும்வரை காத்திராமல் அந்த ஒன்றை மட்டும் கழற்றி, வாஷரின் எந்த முகத்தில் கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.